எஸ்றா மச்சானின் சுவர்

என் முழங்கையை மட்டும் பேப்பரில் போட்டார்கள். இருபது வருஷம் தாண்டிவிட்டது, எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு நாள் பத்திரிகைக்காரர் ஒருவர் எங்கள் வள்ளத்தில் ஏறி வந்தார். துறையை விட்டதிலிருந்து வாந்தி. இரண்டு வாந்திக்கு நடுவில் எடுத்த படம் அது. எஸ்றா மச்சான் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்குகிறார், கையில் வலைப்பை நிறையச் சங்கு. நான் வள்ளத்தின் ஓரத்தில் குனிந்து நின்று அவரை இழுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் பாதிப் பக்கத்துக்கு வந்தது. மச்சான் இருந்தார், சங்கு இருந்தது, கடல் இருந்தது. மேல் மூலையில் ஒரு முழங்கை இருந்தது. அவ்வளவுதான் நான். கீழே 'தன்னந்தனியாகக் கடலோடு மல்லுக்கட்டும் எஸ்றா' என்று எழுத்து. தன்னந்தனியாம். அப்படியென்றால் அந்த முழங்கை யாருடையது? மீனுக்கு முழங்கை உண்டா?

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். பெயர் இஞ்ஞாசி. இப்போது துறைமுகத்துக்குப் போகும் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிற வேலை. எஸ்றா மச்சானைப் பற்றி வேறு யாராவது எழுதினால் மறுபடியும் தன்னந்தனி என்றுதான் எழுதுவார்கள். அதனால் நானே எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

எஸ்றா என் அக்கா பிளாரன்ஸின் வீட்டுக்காரர். சங்கு குளிக்கிறவர். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும், அதாவது பொண்டாட்டியின் கூடப்பிறந்தவன். மற்றவன் என்றால் பீடி பற்ற வைப்பான், பராக்குப் பார்ப்பான். கூடப்பிறந்தவளைத் தாலி இல்லாமல் பார்க்க எவனுக்கும் மனசு வராது, அதனால் கயிற்றை விடமாட்டான். அதுதான் கணக்கு.

தொண்ணூற்று மூன்றில் அக்காவைப் பெண் பார்க்க வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயசு. வந்தவர் அக்காவைப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னார். உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டை நீட்டி, "பிடி மாப்ள" என்றார். பிடித்தேன். உருவப் பார்த்தார், முடியவில்லை. என் அப்பாவைப் பார்த்து, "எனக்குச் சம்மதம்" என்றார்.

அக்கா இதைச் சாகிறவரை விடமாட்டாள். "என்னைய நிமிந்துகூடப் பாக்கல. இவன் கையைப் பாத்த பெறவுதான் காப்பியே குடிச்சாரு. அன்னைக்கே இவனையே கெட்டிக்கிடும்னு சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா கெட்டியிருப்பேன். இவன் கொழம்பு வைக்கத் தெரியாதுன்னுட்டான்" என்பார் மச்சான்.

பதினாறு வருஷம் அவருக்குக் கயிறு பிடித்தேன். பிற்பாடு கம்ப்ரசர் வந்தது. வாயில் காற்றுக் குழாயோடு எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில் (பாகம் என்றால் ஆறடி) அரை மணி நேரம் கிடப்பார்கள். கம்ப்ரசர் வந்தாலும் கயிறு கயிறுதான். ஒரு தரம் சுண்டினால் தளர்த்து, இரண்டு தரம் சுண்டினால் தூக்கு. அரை மணி நேரமும் என் கண் கயிற்றிலேதான் இருக்கும். அவர் கீழே என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததெல்லாம் கயிறு.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஒரு காலையில் கம்ப்ரசர் நின்றுபோனது. கீழே காற்று இல்லை. கயிறு இரண்டு தரம் சுண்டவில்லை, இருபது தரம் சுண்டியது. ஆழத்திலிருந்து ஆளைப் படிப்படியாகத்தான் தூக்க வேண்டும், நடுவில் நிறுத்தி நிறுத்தி. ஒரேயடியாகத் தூக்கினால் உடம்பு தாங்காது. எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் ஒரேயடியாகத் தூக்கினேன். மூச்சு வந்தது. இடது கால் விளங்காமல் போய்விட்டது.

மச்சினன்தான் காலை வாங்கினான் என்று கரையில் பேசினார்கள். ஒரு நாள் ஏலக்கூடத்தில் ஒருவன் என் காது படவே சொன்னான். மச்சான் கம்பை ஊன்றிக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார்.

"இவன் தூக்கலைன்னா எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தாம்ல இருந்திருக்கும். கல்லறைத் தோட்டத்துல."

அதற்குப் பிறகு என் முன்னால் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மச்சான் சங்கு சேர்த்து வைக்கிற ஒரு கிட்டங்கியில் உட்கார்ந்து சங்குகளை அளவு பார்த்துப் பிரிக்கிற வேலைக்குப் போனார். நான் லாரிக்குப் போனேன். வேறு ஒருவருக்குக் கயிறு பிடிக்க எனக்கு மனசில்லை.

மாதா கோயிலுக்குத் தெற்கே ஒரு முடுக்குச் சந்தில் அவர்கள் வீடு. கீழே இரண்டு அறை, மேலே மொட்டை மாடி, முடுக்கைப் பார்த்து ஒரு நீளச் சுவர். போன தை மாதத்தில் ஒரு கலைவிழாக் குழு வந்தது. எங்கள் பகுதியில் பதினைந்து சுவர்களில் ஊர் வரலாற்றை ஓவியமாக வரையப் போகிறார்களாம். குழுவுக்குத் தலைமை செந்தில்வேல், நாற்பது வயசு இருக்கும், நன்றாகப் பேசுவார். மச்சானிடம் ஒரு தாளில் கையெழுத்து கேட்டார். சுவரைச் சும்மா பூசித் தருகிறோம், உங்கள் முகத்தையே வரைகிறோம் என்றார். மச்சான் கண்ணாடி போடாமல் கையெழுத்துப் போட்டார். அக்காவுக்கு இன்னும் அதில் கோபம்.

பச்சை வலை கட்டி மறைத்து ஆறு நாள் வரைந்தார்கள். திறப்பு அன்று மச்சானுக்குப் பொன்னாடை போட்டு முன்னால் நிறுத்தி, வலையை இறக்கினார்கள்.

முகம் மச்சான் முகம்தான். அச்சு அசல், அதில் குறை சொல்ல முடியாது. இரண்டு காலும் மீன் வால் மாதிரி விரிந்திருந்தது. உயர்த்திய கையில் ஆரஞ்சுப்பழம் அளவுக்கு ஒரு முத்து. சுற்றிலும் நீலம், மீன்கள், மேல் மூலையில் ஒரு ஆமை. கயிறு இல்லை. குழாய் இல்லை. வள்ளம் இல்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டு முடியும்வரை மச்சான் பொறுத்திருந்தார். பிறகு கேட்டார், "இவன் எப்படி மேல வருவான்?"

செந்தில்வேல் சிரித்தார். ஐயா தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு வரலாற்று நடை. தொப்பி போட்டுக்கொண்டு இருபது முப்பது பேர் வருவார்கள். பழைய கிட்டங்கி, பழைய பள்ளிக்கூடம், பிறகு இந்த முடுக்கு. செந்தில்வேல் கையில் மைக். மச்சான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம் நானும் இருந்தேன்.

"கடைசி முத்துக்குளிப்பாளர்களில் ஒருவர் எஸ்றா ஐயா. துணை யாருமின்றி, தன்னந்தனியாக ஆழ்கடலில் இறங்கி…"

"தம்பி, ஒரு நிமிசம்" என்றார் மச்சான். "முத்துக்குளிப்பு நின்னு அறுவது வருசத்துக்கு மேல ஆச்சி. நான் அதுக்குப் பெறவு பொறந்தவன். நான் எடுத்தது சங்கு."

சிலர் சிரித்தார்கள். செந்தில்வேல் மைக்கைக் கீழே இறக்கினார்.

"முத்து எடுத்தவன் கையிலயும் முத்து இருக்காது. சிப்பிதான் இருக்கும். அதைக் கரையில போட்டு அழுகவிட்டு, நாத்தத்துல நின்னு அலசிப் பாத்தாத்தான் முத்து. சரி, அது போட்டும். கயிறு எங்க?"

"ஐயா, இது கலைஞரோட கற்பனை. கலைன்னா அப்படித்தான் இருக்கும்."

"கற்பனைன்னா என் மூஞ்சிய எதுக்குப் போட்டீரு? உம்ம மூஞ்சியப் போடும். நீரு கயிறு இல்லாம எறங்கும், நான் கைதட்டுதேன்."

இப்போது எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மச்சான் சிரிக்கவில்லை. கம்பைத் தூக்கிச் சுவரைக் காட்டினார்.

"அந்தா இருக்கானே, அவன் செத்துட்டான். எட்டுப் பாகத்துல கெடக்கான், மேல ஆள் இல்ல. நான் உசிரோட இங்கன உக்காந்திருக்கேன். செத்தவனைக் காட்டி நான்னு சொல்லுதீரு. எனக்கு வேண்டியது ஒரு கயிறு. மேல ஒரு ஆள்."

கையெழுத்துப் போட்ட தாளில் மூன்று வருஷத்துக்குச் சுவரை மாற்றக் கூடாது என்று இருக்கிறதாம். செந்தில்வேல் சொல்லிவிட்டு நடையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கே மச்சான் எனக்குப் போன் போட்டார். "மாப்ள, நம்ம கயித்தை எடுத்துட்டு வா."

போனேன். படத்தில் இருக்கிறவனின் இடுப்பில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னார். அடித்தேன். கயிற்றின் ஒரு முனையை ஆணியில் கட்டினேன். மறுமுனையோடு என்னை மொட்டை மாடிக்கு அனுப்பி, கைப்பிடிச் சுவரில் காலைத் தொங்கப் போட்டு உட்காரச் சொன்னார்.

"எதுக்கு மச்சான்?"

"எதுக்கா? பதினாறு வருசம் எதுக்கு உக்காந்திருந்த?"

ஐம்பது வயசில் ஒரு மனுஷன் காலங்காத்தாலே சுவரில் உட்கார்ந்து ஒரு ஓவியத்துக்குக் கயிறு பிடித்தால் பார்க்க எப்படி இருக்கும்? முடுக்கே கூடிவிட்டது. நடைக்காரர்கள் செந்தில்வேலை விட்டுவிட்டு மச்சானைச் சுற்றி நின்றார்கள். அவர் நாற்காலியில் இருந்தபடியே ஒரு தரம் சுண்டுவது, இரண்டு தரம் சுண்டுவது எல்லாம் சொன்னார். "மேல இருக்கது என் பொண்டாட்டி தம்பி. பொண்டாட்டிய விட்டுட்டுப் போனாலும் போவேன், அவன் இல்லாம எறங்கமாட்டேன்" என்றார். உள்ளேயிருந்து அக்கா, "போனா போவட்டும், சனியன் விட்டுச்சி" என்றாள். ஓர் அம்மா கீழேயிருந்து படம் எடுத்து, நான் இறங்கியதும் காட்டினார். சுவர் இருந்தது, மச்சான் இருந்தார், கயிறு முழுசாக இருந்தது. மேலே இரண்டு பாதம். முழங்கையிலிருந்து பாதத்துக்கு வந்திருக்கிறேன், இருபது வருஷத்தில்.

இப்படி ஐந்து ஞாயிறு. ஆறாவது ஞாயிறு போனபோது கயிற்றை யாரோ அறுத்துப் போட்டிருந்தார்கள். ஆணியையும் பிடுங்கியிருந்தார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியாததை எழுத மாட்டேன். மச்சான் அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கத்தி மொட்டைக் கத்தி. ரொம்ப நேரம் அறுத்திருக்கான், பாவம்" என்றார். "பெரிய ஆணியா வாங்கிட்டு வா."

விஷயம் சென்னை வரைக்கும் போயிருக்கிறது. படம் வரைந்த பெண்ணே வந்தது. உமாராணி என்று பெயர், சொந்த ஊர் முத்தையாபுரம்தான். சுவருக்கு முன்னால் வந்து நின்று, ஆணியையும் கயிற்றையும் மேலே என்னையும் பார்த்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மச்சானிடம் நீட்டியது. அந்தப் பழைய பேப்பர் படத்தின் நகல்.

"குழுவில எனக்குக் குடுத்தது இது ஒண்ணுதான் ஐயா. இந்த மூலையில ஏதோ நீட்டிக்கிட்டு இருந்துச்சி, என்னன்னு தெரியல. அதான் ஆமை போட்டுட்டேன்."

"அது ஆமை இல்லம்மா. அந்தா உக்காந்திருக்கான், அவன் முழங்கை."

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. வாயில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒப்பந்தப்படி தன்னால் சுவரைத் தொட முடியாது என்றது. போகும்போது நாலு டப்பா பெயின்ட்டையும் மூன்று பிரஷ்ஷையும் வாசலில் வைத்தது. "நான் மறந்து வச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனது.

ஐப்பசியில் மச்சானுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியது. பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள். கார்த்திகை பிறப்பதற்குள் அடக்கம் பண்ணிவிட்டோம்.

மழை விட்டதும் பெயின்ட்டைத் திறந்தேன். செந்தில்வேல் வந்தார். தாளைக் காட்டினார், போலீஸ் என்றார். ஏணியில் நின்ற என்னிடம்தான் பேசினார், பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"சொவரு என் சொவரு. அதுல இருக்கது என் புருசன். ஏணில நிக்கது என் தம்பி. நீரு ஆரு? ஞாயித்துக்கெழமை வாரும், முழுசாச் சொல்லுதேன், மைக் இல்லாமலே."

அவர் போய்விட்டார். போலீஸ் இதுவரை வரவில்லை. வந்தால் அவர்களும் படத்தைப் பார்க்கட்டும்.

கயிறு வரைவது லேசு, ஒரே இழுப்பு. ஆமையை நீலத்தால் மூடிவிட்டு அந்த இடத்தில் வள்ளம் வரைந்தேன். செருப்பு மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. முத்தை அவளே பிரஷ் எடுத்துச் சங்காக மாற்றினாள். முள்ளங்கி மாதிரி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பிறகு வள்ளத்தின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்த இரண்டு கை வரைந்தேன். விரல் எண்ணிப் பார்த்து வரைந்தேன். முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு மேல் தோள், கழுத்து, மூஞ்சி எல்லாம் வேண்டும். நாலு நாளாக ஏணியில் ஏறுகிறேன், பிரஷ்ஷை நனைக்கிறேன், இறங்கிவிடுகிறேன். மூஞ்சி வரைய எனக்குத் தெரியாது. என் மூஞ்சியை நான் அவ்வளவாகப் பார்த்ததும் இல்லை.

ஆஸ்பத்திரியில் எட்டாம் நாள் மச்சான் மூக்கில் காற்றுக் குழாய் வைத்திருந்தது. பக்கத்தில் நான் நின்றேன். என் சட்டை நுனியைப் பிடித்து இரண்டு தரம் சுண்டினார். குனிந்தேன்.

"மாப்ள, சொவத்துல நீ வரையணும்."

"எனக்கு வரையத் தெரியாது மச்சான்."

"தெரியாட்டா என்ன. வரை. முழங்கையோட நிறுத்திராத."