அத்தான் ருசி பார்க்காத தண்ணீர்

எழுபதுகளில் தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்தபோது, ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் பழைய நீராவி இழுவை எஞ்சின் ஒன்று இருந்தது. தண்டவாளம் இல்லாமல் தரையிலேயே ஓடும். லாரி மணலில் புதைந்தால் இதைத்தான் கூப்பிடுவார்கள். என் அக்கா புருஷன் அதன் டிரைவர். நான் கரி அள்ளிப் போடுகிறவன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் எங்கள் நாயே என்னைப் பார்த்துக் குரைக்கும். குளித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை என்பாள் அம்மா.

அத்தானுக்கு ஒரு கண் மங்கல். லாரி லைசன்ஸ் கிடைக்காது. இந்த எஞ்சினை விட்டால் வேறு வண்டி இல்லை. ஒப்பந்தக்காரரோ அதைக் காயலான் கடைக்குப் போட நினைத்தார். கிரேனின் இரும்புக் கையை மணல் தாண்டித் துறைமுகம் சேர்த்தால் வைத்துக்கொள்கிறேன், இல்லாவிட்டால் விற்றுவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

பாய்லருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்பு இருந்தால் நுரைத்துப் பொங்கி சிலிண்டருக்குள் போய் அதை உடைத்துவிடும். அதனால் அத்தான் எப்போதும் ஒரு கை அள்ளி ருசி பார்ப்பார். தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த நாக்கு. துளி உப்பையும் துப்பிவிடும்.

கிரேன் கையை இழுக்க வேண்டிய அன்று காலை நான் தண்ணீர்ப் பீப்பாயோடு வரும்போது, திரேஸ்புரம் குழாயடியில் பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள்.

"ஏலே கரிச்சட்டி, ஒன் வண்டிக்கு நல்ல தண்ணி ஊத்துத. எங்க பிள்ளையளுக்கு என்னத்தக் குடுக்க?" என்றாள் ஒருத்தி.

நான்தான் பெரிய வள்ளலாயிற்றே. பீப்பாயைத் திறந்துவிட்டேன். பிறகு உப்பளத்தருகே ஒரு கிணற்றில் நிரப்பினேன். குடித்தும் பார்த்தேன். அந்த மாதிரித் தண்ணீரிலேயே வளர்ந்த எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

அத்தான் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். "நல்ல தண்ணிதானாலே?"

"பாயாசம், அத்தான்."

சிரித்துவிட்டார். ருசி பார்க்கவில்லை.

பாதி மணலில் புகைபோக்கி தண்ணீரைக் கக்கியது. அடுத்து ஒரு வெடிச் சத்தம். சிலிண்டர் மூடி பிளந்து கிடந்தது.

தண்ணீரை யார் பார்த்தது என்று ஒப்பந்தக்காரர் கேட்டார். அத்தான் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் அண்ணாச்சி, குடிச்சுப் பாத்தேன்" என்றார்.

வாய் ஓயாதவன் என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய நான், அந்த ஒரு தடவை வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கல் ஏற்றுகிற இடத்தில் வேலை கொடுத்தார்கள். எஞ்சினை வெட்டி எடுத்துப்போனார்கள். அத்தான் அக்காவோடு தன் ஊருக்குப் போய் வயலில் கூலிக்கு நின்றார்.

அவர் சாகும்வரை போய்வந்துகொண்டிருந்தேன். ஏதேதோ சொல்லிச் சிரிக்கவும் வைத்தேன். போனதும் அக்கா செம்பில் தண்ணீர் தருவாள். நான் குடித்து முடிக்கும்வரை அத்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.