அளவெடுத்த ஃபியட்

காவாந்தண்டலத்துத் தாண்டவராயன் ஆறடி நாலு அங்குலம். பஸ்ஸில் நின்றால் தலை கூரையில் இடிக்கும். உட்கார்ந்தால் முட்டி முன்சீட்டுக்காரர் முதுகில் குத்தும். கல்யாணத்தில் போட்டோ எடுக்க வந்தவர், மணப்பெண் சசிரேகாவை ஒரு மணைப்பலகை மேல் ஏற்றி நிறுத்தி, புடவைக் கொசுவத்தால் அதை மறைத்துத்தான் படம் பிடித்தார். ஐம்பது வயதுக்குள் எத்தனை நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டார் என்பதற்குக் கணக்கில்லை. குனிந்து குனிந்து, நிற்கும்போதே யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போல ஒரு கூனல் அவருக்கு வந்துவிட்டது.

இளவயதில் உத்திரமேரூரில் ஒரு அரிசி மில் முதலாளிக்கு அம்பாசடர் ஓட்டினார். அந்த வண்டியில் அவர் தாராளமாக உட்காரலாம். ஆனால் பின்சீட்டில் இருந்த முதலாளிக்கு ரோடு தெரியவில்லை. "உன் தலைதான்டா தெரியுது எனக்கு. சாஞ்சி ஓட்டு" என்பார். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓட்டினார். அப்புறம் அறுவடை மெஷின் ஓட்டப் போனார். நிலமும் கொஞ்சம் இருந்தது. பிள்ளைகள் கரையேறிய பிறகு, கையில் மிச்சம் இருந்ததை வைத்து ஒரு கார் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதுவும் பழைய ஃபியட். அதன் வட்டக் கண் விளக்கும் உருண்டை முதுகும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும்.

"உன் ஒசரத்துக்கு அம்பாசடர்தான்யா தோதுப்படும்" என்றாள் சசிரேகா.

"அது மொதலாளி வண்டி. அதுல குந்தினா எனக்குத் தன்னால கழுத்து சாஞ்சிக்கும். எனக்குன்னு வாங்கற வண்டில நா நிமிந்து குந்தணும்."

உதவிக்கு அவர் கூப்பிட்டது வேதகிரியை. வேதகிரி உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் இருந்து சிநேகம். நெட்டையும் குட்டையுமாக இரண்டு பேரும் நடந்து போவதைப் பார்த்துச் சிரிக்காதவர் கிடையாது. தாண்டவராயனின் அப்பா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுக்க வேதகிரிதான் முன்னால் வந்தான். உயரம் பொருந்தவில்லை. தோளில் துண்டை மடித்து மடித்து அடுக்கி வைத்துக்கொண்டு, கழுத்து சிவக்க, ஆற்றங்கரை வரைக்கும் யாரிடமும் மாற்றிக்கொள்ளாமல் நடந்தான். அதைத் தாண்டவராயன் மறந்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பைக்கில் கிளம்பிவிடுவார்கள். செங்கல்பட்டில் ஒரு பழைய ஹெரால்டு கார் பார்த்தார்கள். தாண்டவராயன் எப்படியோ உள்ளே போய்விட்டார், வெளியே வர முடியவில்லை. கடைசியில் காலை முதலில் நீட்டி, தரையில் கையூன்றி வந்தார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. அரக்கோணத்தில் ஒரு மாரிஸ் மைனர். தலைக்கு இடம் இருந்தது; ஆனால் பிரேக்கை மிதித்தால் அவர் பாதம் கிளட்சையும் சேர்த்து மிதித்தது. வந்தவாசியில் ஆசைப்பட்ட ஃபியட்டே கிடைத்தது. உச்சந்தலை கூரையில் அழுந்தியது, ஸ்டியரிங் தொடை மேல் உட்கார்ந்துகொண்டது. இறங்கி வந்து பைக்கில் ஏறிக்கொண்டார்.

அன்று திரும்பி ஷெட்டுக்கு வந்ததும் வேதகிரி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"இப்டி சொம்மா சுத்திக்கினு இருந்தா ஆவாது ராயா. குந்து. உன் அளவ எடுத்துக்கினு அதுக்கேத்த வண்டியத் தேடுவோம்."

இன்ச் டேப்பை வைத்து இடுப்பிலிருந்து உச்சந்தலை வரைக்கும், முட்டியிலிருந்து குதிகால் வரைக்கும் அளந்தான். "கூனாத, நேரா குந்து" என்றான். தாண்டவராயன் முதுகை நிமிர்த்தி, சட்டைக்கு அளவு கொடுக்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சில வாரம் கழித்து வேதகிரி போன் செய்தான். ராஜகுளத்தில், ஹைவேயை ஒட்டிய ஒரு கொட்டகையில் ஒரு ஃபியட் இருப்பதாகக் கேள்விப்பட்டானாம். இரண்டு பேரும் போய்ப் பார்த்தார்கள். சந்தன நிறம், அறுபதுகளில் வந்த வண்டி. தாண்டவராயன் கதவைத் திறந்து, வழக்கம்போல் கழுத்தை மடக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். மெல்ல நிமிர்ந்தார். தலை இடிக்கவில்லை. இன்னும் நிமிர்ந்தார். இடிக்கவில்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே முட்டி தாராளமாக அசைந்தது.

"வேதகிரி! இங்க பார்ரா, எடம் கீதுடா!"

"மெய்யாலுமா? நானே இப்பதான பாக்கறேன். ஒரு ஒரு வண்டில சீட்டு அப்டி அமைஞ்சிபூடும்" என்றான் வேதகிரி. டயரை உதைத்துப் பார்த்தான். பானெட்டைத் திறந்து இன்ஜினுக்குக் காது கொடுத்தான். விற்கிறவரிடம் தாண்டவராயனுக்காக அரை மணி நேரம் சண்டை போட்டு விலையைக் குறைத்தான். "என் சினேகிதன்யா, பாத்து சொல்லு" என்று அவன் சொன்னபோது தாண்டவராயன் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

அந்த மாதம் போல ஒரு மாதம் அவர் வாழ்க்கையில் வந்ததில்லை. காலையில் வண்டியைத் துடைத்துவிட்டு, காரணமே இல்லாமல் மாகறல் வரை போய்விட்டு வருவார். வண்டிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்த பழக்கத்தில் வெளியேயும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார். நிலைப்படியில் கூடுதலாக இரண்டு முறை இடித்துக்கொண்டார். சசிரேகா சிரித்தாள்.

பிறகு கதவுகள் தகராறு செய்தன. கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் மூடின. வேதகிரியிடம் சொன்னார். "பழய வண்டின்னா அப்டித்தான் நைனா. கெயவன் மூட்டு மாரி. ஓட்ட ஓட்ட சரியாவும்" என்றான் அவன். தாண்டவராயன் நம்பினார்.

ஒரு சனிக்கிழமை சசிரேகாவை அழைத்துக்கொண்டு திருமுக்கூடல் பெருமாளைச் சேவிக்கக் கிளம்பினார். பாலத்துக்கு முன்னால் ஒரு பள்ளம். பெரிய பள்ளம்கூட இல்லை. சக்கரம் இறங்கி ஏறியதும் அவருக்குக் கீழே ஏதோ முறிந்தது. சீட்டு அப்படியே உள்ளே இறங்கியது. காலை எடுத்துப் பிரேக்கில் வைப்பதற்குள் வண்டி ரோட்டைவிட்டு விலகி வேலிகாத்தான் புதருக்குள் போய் நின்றது. சசிரேகாவின் நெற்றி முன்கண்ணாடியில் மோதி ரத்தம் கொட்டியது. தாண்டவராயன் குனிந்து பார்த்தார். காலடி ரப்பர் பாய் கிழிந்து, அதன் வழியாகத் தரையும் முள்ளும் தெரிந்தன.

சசிரேகாவுக்குத் தையல் போட்டு வீட்டில் விட்டபின், வண்டியை டிராக்டரில் கட்டி வாலாஜாபாத்தில் ஒரு பட்டறைக்கு இழுத்துப் போனார். பட்டறைக்காரர் தினேஷ்குமார் வண்டியைப் பார்த்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இது உங்க வண்டியாண்ணே?"

"ஆமா. இன்னா?"

"இத நா பாத்துகீறேன். உத்திரமேரூர் வேதகிரி அண்ணன் எடுத்துக்கினு வந்தாரு. சீட்டுக்குக் கீய ஒரு குறுக்குச் சட்டம் போவும்ணே, ரெண்டு பக்கத்தையும் அதுதான் புடிச்சிக்கினு கீது. அத வெட்டி எடுத்துட்டு சீட்ட எறக்கணும்னாரு. ஏற்கெனவே துரு தின்ன வண்டி, வெட்டினா ரெண்டா உக்காந்துரும், முடியாதுன்னு அனுப்சிட்டேன். வேற எங்கியோ வெட்டிகீறாரு."

"எதுக்கு எறக்கணும்னு சொன்னான்?"

"நெட்டையா ஒரு பார்ட்டி கீது, அளவுலாம் எடுத்து வெச்சிகீறேன், சீட்டு மட்டும் தோதா அமைஞ்சா கண்ண மூடிக்கினு வாங்கிப்பாருன்னாரு." சொல்லிவிட்டுத்தான் அவர் தாண்டவராயனை முழுசாக அண்ணாந்து பார்த்தார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

தாண்டவராயன் நேரே ஷெட்டுக்குப் போனார். வேதகிரி ஒரு டில்லர் இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவர் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"யார் வண்டிடா அது?"

வேதகிரி கையைத் துடைத்தான். "என் மச்சான் வாங்கிப் போட்டு முழிச்சிக்கினு இருந்தான். யாரும் சீந்தல. ராஜகுளத்துல பேரம் பேசினது அவன் வெச்ச ஆளு. உனக்கும் ஃபியட்டுதான் வோணும்னு நின்ன."

"அதுக்கு வெட்டுவியா?"

"நீ குந்தற மாரி பண்ணிக் குடுத்தேன் ராயா. வேற எவன் உனக்குன்னு அளவெடுத்து வண்டி பண்ணுவான்? அன்னிக்கி நீ சிரிச்ச பாரு, அந்த மாரி நீ சிரிச்சி நா பாத்ததில்ல. மேடு பள்ளம் பாத்துப் போவன்னு நெனச்சேன்."

"சசிரேகா நெத்தில ஆறு தையல்."

வேதகிரி துடைத்த கையையே மறுபடி துடைத்தான். தாண்டவராயனுக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் வாயில் வந்தது வேறு.

"விக்கணும்னு என்னக் கேட்டிருந்தா ஓட்ட வண்டின்னு தெரிஞ்சே வாங்கியிருப்பேன்டா. நேரா குந்துன்னு சொன்ன பாரு. நா குந்தினேன் பாரு. அத நெனச்சாதான் தாங்கல."

திரும்பும்போது ஷெட்டின் இரும்பு உத்தரத்தில் தலை இடித்தது. வலி கூட உறைக்கவில்லை. வழியெல்லாம் பழைய நாட்களை ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தார். சரிசெய்து கொடுத்த மெஷின்கள், சேர்ந்து குடித்த டீ, ஆற்றங்கரை வரைக்கும் சுமந்த தோள். எது நிஜம், எது அளவெடுத்தது என்று பிரிக்கத் தெரியவில்லை. பாடை சுமந்தவன் பொய்யாகச் சுமந்திருக்க முடியாது என்றுதான் தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் அதிகம் வலித்தது.

பட்டறைக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்து, வண்டியை அப்படியே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். வெட்டு தெரியாமல் ஒரு பாயை விரித்து மூடியிருந்தால் போதும், விற்றிருக்கலாம். தாண்டவராயன் அவரைக் கூட்டிப்போய், கிழிந்த பாயைத் தூக்கி வெட்டைக் காட்டினார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

"சட்டத்தப் புதுசாப் போடு" என்று தினேஷ்குமாரிடம் சொன்னார்.

"போட்டா சீட்டு ஏறிடும்ணே. தலை இடிக்கும். நீங்க ஓட்ட முடியாது."

"தெரியும். போடு."

வண்டி வீட்டுக்கு வந்தது. சில நாள் அதன் மேல் நெல் சாக்கு காய்ந்தது. பிறகு ஒருநாள் சசிரேகா தழும்பு தெரியத் தலையை இழுத்து முடிந்துகொண்டு சாவியை எடுத்தாள். "சொல்லிக் குடுய்யா. நா ஓட்றேன். என் ஒசரத்துக்கு அது சரியாத்தான் கீது." ஏரிக்கரை மேல் அவள் கற்றுக்கொண்டாள். கியரை மாற்றும்போதெல்லாம் கத்துவாள். அவர் பின்சீட்டில் காலைக் குறுக்கே நீட்டி உட்கார்ந்து வழி சொல்வார்.

மெஷின் பழுதானால் இப்போது வாலாஜாபாத்துக்குத்தான் போகிறார். வேதகிரி இரண்டு மூன்று முறை ஆள் விட்டுப் பார்த்தான். மச்சானிடமிருந்து பணத்தைத் திருப்பி வாங்கித் தருவதாகவும் சொல்லி அனுப்பினான். இவர் வந்தவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

தை மாதம் வேதகிரி மகள் அம்முலுவுக்குக் கல்யாணம். சின்னக் குழந்தையில் அவளைத் தோளில் வைத்துத் தேர் காட்டியவர் தாண்டவராயன். "பொண்ணு இன்னா பாவம் பண்ணா, வா" என்றாள் சசிரேகா. ஃபியட்டில்தான் போனார்கள். மண்டப வாசலில் வேதகிரி நின்றிருந்தான். சசிரேகாவின் நெற்றியைப் பார்த்தான், கண் கலங்கியது. "வாடா" என்று சொல்ல வாயெடுத்தான்.

தாண்டவராயன் இரண்டு கையையும் கூப்பினார். "வணக்கங்க" என்றார், முன்பின் தெரியாத பெண் வீட்டுக்காரருக்குச் சொல்வது போல. உள்ளே போய் அம்முலுவுக்கு அட்சதை போட்டார். பந்தியில் உட்காரவில்லை. வெளியே வந்து வண்டியின் பின்சீட்டில் உடம்பை மடக்கி ஏறிக்கொண்டு, சசிரேகா சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று காத்திருந்தார்.