ஜூலை இருபத்தைந்துக்குப் போன மசோதா

ஐரிஸ் ஹோல்ராய்டுக்கு அரசியல் என்றால் வீடு வீடாகக் கதவில் துண்டறிக்கை செருகுவதுதான். யார்க்‌ஷயரில் ஸ்கார்பி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. சாயங்காலமானால் கட்சி வேலை. இருபத்தாறு வருஷம் மழை, பனி பார்க்காமல் அலைந்தாள். ஒரு இடைத்தேர்தலுக்காகப் பக்கத்துத் தொகுதிக்குப் போய் நாய்க்கடி வாங்கிக்கொண்டு திரும்பினாள். "உன் கட்சி ஒரு கட்டுத்துணியாவது அனுப்புச்சா?" என்று புருஷன் கிளிஃப் மானத்தை வாங்கினான்.

அப்புறம்தான் அவர்களுடைய ஒரே மகள் ஹேசல், பதினொரு வயது, ஊருக்கு மேலே கைவிட்டுக் கிடந்த கல்குவாரித் தண்ணீரில் மூழ்கிப்போனாள். வேலி கிடையாது, ஒரு பலகைகூடக் கிடையாது. குவாரிக்காரன் வேலி போடவேண்டும் என்று சட்டமே இல்லையாம்! கிளிஃப் வீட்டைவிட்டு வெளியே வருவதை நிறுத்தினான். அப்படியொரு சட்டம் வேண்டுமென்று ஐரிஸ் கையெழுத்து வாங்கக் கிளம்பினாள். ஒன்பது வருஷம் வாங்கினாள். அதற்குள் அந்தத் தண்ணீர் இன்னும் இரண்டு பிள்ளைகளை விழுங்கியிருந்தது.

கடைசியில் தொகுதி எம்.பி. ராவ்சன் தன் சொந்தப் பொறுப்பில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அவரும் இவள் கட்சிதான். ஆட்சியும் இவள் கட்சியுடையதுதான். இனி என்ன கவலை என்று ஊரே நினைத்தது.

தனிநபர் மசோதா என்றால் வெள்ளிக்கிழமை மட்டும்தான். அதுவும் முதல் மசோதாவையே மணிக்கணக்காகப் பேசி இழுத்துவிடுவார்கள். இரண்டரை அடித்ததும் மிச்சமுள்ளவற்றின் பெயரை மட்டும் வரிசையாக வாசிப்பார்கள். யாரும் வாய் திறக்காவிட்டால் மசோதா அடுத்த கட்டத்துக்குப் போகும். ஒரே ஒருவர் "ஆட்சேபம்" என்றால் தொலைந்தது. காரணம் சொல்லவேண்டாம், எழுந்து நிற்கவும் வேண்டாம். சொன்னவர் பெயர்கூடப் பதிவாகாது. என்ன கண்றாவி முறையோ!

நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் ஐரிஸ் இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தாள். பேசக்கூடாது, கைதட்டக்கூடாது, எழக்கூடாது என்று கறுப்புக்கோட்டு ஊழியர் முன்பே சொல்லியிருந்தார். கீழே பச்சை இருக்கைகளில் இருபது பேர்கூட இல்லை. இரண்டரை அடித்தது. "குவாரி நீர்நிலைகள் பாதுகாப்பு மசோதா" என்று வாசித்தார்கள்.

"ஆட்சேபம்."

குரல் இவள் கட்சி வரிசையிலிருந்து வந்தது. கத்தவேண்டும் போலிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் அடுத்த மசோதாவின் பெயரை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே மண்டபத்தில் அந்தக் குரலுக்குரியவரே எதிரில் வந்தார். அரசாங்கக் கொறடா பெல்லாமி. அந்த இடைத்தேர்தலில் நின்று ஜெயித்த ஆள்.

"அட, ஐரிஸ்தானே? நம்ம தேர்தல்ல நாய் கடிச்சு... கால் சரியாயிடுச்சா?"

"நீங்கதானே ஆட்சேபம் சொன்னது?"

"தப்பா எடுத்துக்காதீங்க. வெள்ளிக்கிழமை என் வேலையே அதுதான். இன்னிக்குப் பதினாலு மசோதா, பதினாலுக்கும் சொன்னேன். உங்களோடதை நான் படிச்சதுகூட இல்ல."

"படிச்சிருந்தா?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "படிச்சிருந்தாலும் சொல்லியிருப்பேன். இலாகா இன்னும் தயாரா இல்லைன்னு மேல சொல்லிட்டாங்க."

மேலே என்றால் யார்? அவருக்கே சரியாகத் தெரியவில்லை. முகத்தில் துளி வன்மமும் இல்லை. இருந்திருந்தால் இரண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள். கைகுலுக்கிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார்.

ராவ்சன் மூச்சிரைக்க வந்தார். "மனசை விட்டுடாதீங்க ஐரிஸ். மசோதா இன்னும் சாகல. வேற தேதி கேட்டாங்க, சொல்லியிருக்கேன். ஜூலை இருபத்தஞ்சு."

"அப்ப அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல லீவு சொல்லிடறேன்."

ராவ்சன் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தார். "வேணாம். அன்னிக்குச் சபையே கூடாது. இதுக்குன்னு இருந்த வெள்ளிக்கிழமையெல்லாம் இன்னியோட முடிஞ்சுபோச்சு. ஏதாவது ஒரு தேதி சொல்லியாகணுமே... அதான்."

"அப்புறம்?"

"அப்புறம்... அவ்வளவுதான்." அவர் கண் கலங்கியிருந்தது. பாவம், அவரைத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை.

கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையத்தில் ஃபோன் போட்டாள். முதல் மணியிலேயே கிளிஃப் எடுத்தான்.

"என்னடி ஆச்சு? உன் ஆளுங்க என்ன சொன்னாங்க?"

"தேதி குடுத்திருக்காங்க. ஜூலை இருபத்தஞ்சு."

"அப்பாடா!" கிளிஃபின் குரல் நடுங்கியது. "அன்னிக்குத்தான் பிள்ளைங்களுக்கு லீவு விடறாங்க. அதுங்க தண்ணிக்குப் போறதுக்குள்ள வேலி போட்டுடுவாங்க இல்ல?"

"ம்" என்றாள் ஐரிஸ்.