என் சோகத்துக்கு வைத்த பரீட்சை

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் ஸ்ரீராம்புரம் வீட்டில் அப்பா, அம்மா, அக்கா, மாப்பிள்ளையின் அம்மா, அந்த அம்மாளின் தம்பி ஆகியோர் இருந்தார்கள். மாப்பிள்ளை வரவில்லை, பீன்யா தொழிற்சாலையில் அவருக்கு ஷிப்ட். நானும் இருந்தேன். இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அக்கா பிறகு பலமுறை சொன்னாள்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். மருத்துவம், சினிமா, இசை, இலக்கியம் ஆகியவற்றில் சோகம் என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். நூலகத்தில் படித்தால் மட்டும் போதாது, விஷயத்தை உள்ளிருந்து அறிய வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே ஒரு மாதமாகத் தாடி. தனி அறை இல்லாததால் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தனிமை. டேப் ரிக்கார்டரில் ஓயாமல் ஷெனாய்.

மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா தம்பி, பேஜாரா கீறே? லவ் பெயிலியரா?"

"இல்லைங்க, ஆராய்ச்சி. உடம்புல கரும்பித்தம் கூடுனா சோகம் வரும்னு அந்தக் காலத்து கிரேக்க வைத்தியருங்க சொல்லியிருக்காங்க."

"பித்தமா? குடும்பத்துல வேற யாருக்காவது கீதா?"

எந்தக் கேள்விக்கும் படித்தபடி பதில் சொல்வது என் வழக்கம். "பரம்பரையா வரலாம்னும் ஒரு கருத்து இருக்குதுங்க."

அவருடைய தம்பி எழுந்து செருப்பைத் தேடினார். "படிப்புங்க, எல்லாம் படிப்பால வந்ததுங்க!" என்று அப்பா கிட்டத்தட்ட அவர் காலைப் பிடித்தார்.

அந்த அம்மாள் நியாயமானவர். "பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. பையன்தான் டவுட்டு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் காமெடி படம் போவோம். இவன் சிரிச்சா, அன்னிக்கே தட்டு மாத்திக்கலாம். சிரிக்கலைன்னா வேற எடம் பாக்குறோம்."

அக்கா அதற்குள் மாப்பிள்ளையின் போட்டோவை நாலு தரம் எடுத்துப் பார்த்திருந்தாள். அம்மா மூன்று நாள் என் தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தாள். "டேய், நீ பெயிலான பரீட்சையே இல்ல. இதுல மட்டும் ஆயிடாதடா" என்றாள் அக்கா.

தியேட்டருக்கு மாப்பிள்ளையும் வந்தார். அவருடைய அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, திரையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். ஊரே சிரித்தது. எனக்கு மட்டும் வாய் ஒட்டிக்கொண்டது. அக்கா தொடையில் கிள்ளினாள்; கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அழுவுறான் பாருக்கா" என்றார் தம்பிக்காரர்.

இடைவேளைக்குப் பின் கதாநாயகனின் தாய்க்கு நெஞ்சுவலி. வரிசையில் குக்கர் விசில்போல ஒரு கேவல். மாப்பிள்ளை! அவர் அம்மா முந்தானையை அவரிடம் நீட்டிவிட்டுத் தானும் தொடங்கினார். தம்பிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டேன்.

"சிரிச்சிட்டான்!" என்றார் அந்த அம்மாள், மூக்கைச் சிந்தியபடி.

"டேய், நிறுத்திடாதே" என்று அக்கா காதில் சொன்னாள்.

தியேட்டர் எதிரே டீக்கடையில், போண்டாத் தட்டைக் கழுவி வாங்கி, அதிலேயே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். ஏழு டிக்கெட், டீ, போண்டா, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் சேர்த்து அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு ஆன செலவு இருநூற்றுப் பதினான்கு ரூபாய்.