ஒரு நாளுக்கு மூன்று பொழுது

காலை 9.40-க்குத் தாம்பரத்தில் ஒரகடம் பேருந்தைப் பிடித்தேன். மகளிருக்குக் கட்டணமில்லை, உட்கார இடமும் இல்லை. நாற்பது வருடம் கழித்து, நான் ஐந்தாம் வகுப்புவரை படித்த பள்ளிக்குப் போகிறேன். தலைமையாசிரியை கலைச்செல்வி கூப்பிட்டிருந்தார். மூன்றாம் வகுப்பில் இருப்பதே இரண்டு பிள்ளைகள். அதில் யாழினியை அவள் அம்மா வேன் வைத்திருக்கும் இங்கிலீஷ் பள்ளிக்கு மாற்றப் போகிறாராம். பழைய மாணவி நான் வந்து நாலு வார்த்தை பேசினால் அந்த அம்மா மனம் மாறுவார் என்று தலைமையாசிரியைக்கு நம்பிக்கை.

10.35, சேரப்பணஞ்சேரி. அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய், இரண்டு கிலோமீட்டர். தொழிற்சாலைகளுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போன ஓட்டுநரிடம் பள்ளி அதே இடத்தில்தானா என்று கேட்டேன். “ஸ்கூலு அங்கியேதான் கீது. சுத்தி இருந்ததுதான் போய்ட்சு” என்றார்.

அதே இரண்டு அறைகள். அப்போது ஒரே சார்தான் ஐந்து வகுப்புக்கும். மூன்றாம் வகுப்பு வாய்ப்பாட்டை இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தபடியே திருடிக் கற்றுக்கொண்டவள் நான். அட்டையை வட்டமாக வெட்டி, விளக்குமாற்றுக் குச்சியை முள்ளாக்கி மணி பார்க்கச் சொல்லித் தந்தார் சார். கடிகாரமே இல்லாத வீட்டுப் பிள்ளைகள் நாங்கள், வழியில் கண்டவரிடமெல்லாம் மணி கேட்டு நச்சரிப்போம். அவ்வளவு ஆசையாக அப்புறம் நான் எதையும் படிக்கவில்லை.

இப்போது இரண்டு ஆசிரியைகள், இருபத்தோரு பிள்ளைகள். வகுப்புவாரியாக உட்காருவதில்லை. எழுத்துக் கூட்டுபவர்கள் ஒரு வட்டம், வாக்கியம் படிப்பவர்கள் இன்னொரு வட்டம். ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் தமிழ்ப்பாட்டில் எல்லோரையும் முந்தினார்கள்.

ஒரு நாளுக்கு எத்தனை பொழுது என்று சும்மா கேட்டுவைத்தேன். “மூணு,” என்றாள் யாழினி. “ஃபர்ஸ்ட் ஷிப்ட், செகண்ட் ஷிப்ட், நைட்டு.”

நான் சிரித்துவிட்டேன். கலைச்செல்வி சிரிக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளும் இதையே சொன்னதால் மணி பார்க்கும் பாடத்தை அவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கினாராம். ஒவ்வொருவரும் தம் வீட்டு நாளை வட்டமாக வரைந்து, அம்மாவும் தாமும் சேர்ந்து விழித்திருக்கும் நேரத்துக்குச் சிவப்பு தீட்டிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள்.

பெற்றோர் கூட்டமும் ஷிப்ட்படிதான். 12.30-க்கு இரண்டாம் ஷிப்ட்காரர்கள். யாழினியின் அம்மா நிர்மலா சீருடையில், கழுத்தில் அடையாள அட்டையோடு வந்தார். 1.15-க்கு அவருக்குக் கம்பெனி பஸ். நான் விளக்குமாற்றுக் குச்சிக் கதையை உருகி உருகிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரிக்கா. நீங்க உங்க புள்ளைய எங்க படிக்க வெச்சீங்க?”

தாம்பரத்தில் இங்கிலீஷ் பள்ளியில்தான். அதுவும் வேனில் அனுப்பி. ஒப்புக்கொண்டேன். வெட்கமாக இருந்தது. அவர் குத்திக்காட்டவில்லை. “அதத்தான் நானும் எம் புள்ளைக்குக் கேக்குறேன்” என்றார், அவ்வளவுதான்.

அதற்குள் யாழினி சுவரிலிருந்து தன் வட்டத்தைப் பெயர்த்து வந்து அம்மா மடியில் வைத்தாள். இரண்டாம் ஷிப்ட் வாரத்துப் படம். அம்மா நள்ளிரவுக்குத்தான் வீடு திரும்புவார்; அப்பாவுக்கு முதல் ஷிப்ட். காலை ஆறரை முதல் ஒன்பது வரை சிவப்பு. மதியத்தில் ஒரு சின்னத் துண்டு: பஸ்ஸுக்குப் போகிற வழியில் அம்மா பள்ளிக்குள் எட்டிப் பார்க்கும் சாப்பாட்டு நேரம்.

“வேனு எத்தினி மணிக்கு வரும்?” என்று நிர்மலா மகளிடம் கேட்டார்.

“ஆறே முக்காலுக்கும்மா” என்றாள், தெருவில் தினமும் அந்த வேனைப் பார்க்கும் யாழினி.

படத்தில் ஆறரையில் வைத்திருந்த நிர்மலாவின் விரல் ஆறே முக்காலுக்கு நகர்ந்து நின்றுவிட்டது. பிறகு படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். “யாழினி இங்கியே படிக்கட்டும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

3.50-க்குத் திரும்பும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. ஒரு தாளை எடுத்து நானும் வட்டம் போட்டேன். என் மகன் மூன்றாம் வகுப்பு படித்தபோது வேன் ஆறரைக்கு வரும்; தூக்கக் கலக்கத்திலேயே ஏற்றிவிடுவேன். அலுவலகம் முடிந்து நான் வீடு சேர எட்டு, எட்டரை ஆகும்; அதற்குள் தூங்கியிருப்பான். எங்கே சிவப்பு தீட்டுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பேருந்து படப்பை தாண்டியும் அவன் தூங்குகிற முகம்தான் நினைவுக்கு வந்தது.