ஆமி தராத ரசீது

மனித உரிமை வேலையில் பாதி நேரம் ஃபோட்டோக்கொப்பி இயந்திரத்துக்குள் சிக்கிய தாளை இழுப்பதிலேயே போய்விடும். மீதி நேரம் அதைவிட மோசம்.

ஜெர்மனியில், எசன் நகரில் ஒரு சின்னச் சங்கத்தில் பத்து வருடமாக வேலை செய்கிறேன். ராணுவம் வைத்ததே சட்டமாகிப் போன எங்கள் ஊர்ப்பக்கங்களில் சனங்களுக்கு நடப்பதைக் கேட்டு, ஜெர்மனில் எழுதி, அனுப்பவேண்டிய இடங்களுக்கு அனுப்புவது என் வேலை. கடித உறையில் அரசாங்க முத்திரையைக் கண்டாலே பிரிக்காமல் ஒளித்து வைக்கிற ஆட்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்ல? பாக்கியம் அக்காவின் ஒரே ஒரு மனுவோடு நான் பட்ட பாட்டை மட்டும் சொல்கிறேன்.

ஆதாரம் எங்கே?

பாக்கியம் அக்கா இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்கிறார். வன்னியில் சண்டை முடிந்த அன்று, "விசாரிச்சிட்டு விடுவம்" என்று ஆமி ஒலிபெருக்கியில் சொன்னதை நம்பி, மகன் நிரூபனைத் தன் கையாலேயே கொண்டுபோய் ஒப்படைத்தவர். அவனைப் பஸ்ஸில் ஏற்றியதை அக்காவின் தம்பி யோகனும் பக்கத்தில் நின்று பார்த்தான். அதற்குப் பிறகு தகவலே இல்லை. அவர்களுடைய வீடும் வளவும் இப்போது ஆமி முகாமுக்குள் இருக்கின்றன.

இதையெல்லாம் எழுதி பெர்லினில் மனித உரிமை முறைப்பாடுகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்துக்கு அன்ட்ராக் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து அந்த விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. மகனை ஒப்படைத்ததற்கு எழுத்துமூல உறுதிப்படுத்தல் இணைக்கப்படவில்லையாம். ராணுவம் அப்படி ஒரு தாள் கொடுப்பதில்லை என்று தொலைபேசியில் விளக்கினேன். "அப்படியென்றால், கொடுக்கவில்லை என்று அவர்களிடமே ஒரு கடிதம் வாங்கலாமே" என்றார் அதிகாரி. மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

இதை அக்காவுக்கு எப்படி மொழிபெயர்ப்பது? தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அடுத்தமுறை ஆமி பிள்ளையைக் கொண்டு போகேக்க, மறக்காமல் ரசீது கேட்டு வாங்கிறன் எண்டு எழுதிவிடுங்கோ, தங்கச்சி."

மூவாயிரம் ஆண்டு

சாட்சிகளின் கையெழுத்தைச் சேர்த்து மனுவைத் திருத்தினேன். எங்கள் சங்கத் தலைவர் அண்ணை பார்த்துத் தருவதாக வாங்கிக்கொண்டு போனார். நல்ல மனிதர். மழையென்றாலும் பனியென்றாலும் ஊர்வலத்தில் முதல் ஆளாக நிற்பார். மனு நான்கு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அவர் திருப்பிக் கொடுத்ததில் மூன்றரைப் பக்கம் பண்டைய அரசர்களும் அவர்களுடைய கடற்படையும். நிரூபன் கடைசிப் பந்தியில் ஒரு வரியாக நின்றான். அதிலும் பெயர் பிழை.

"அண்ணை, இது ஒரு தாயின்ர முறைப்பாடு. அரசர்மார் இதுக்குள்ள என்ன செய்யினம்?" என்று கேட்டேன். என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"எங்கட வரலாறு தெரியாட்டி, அவங்களுக்கு எங்கட பிள்ளையளின்ர அருமை எப்பிடி விளங்கும், பிள்ளை?"

சிரிக்காத முகம்

என்னோடு வேலை செய்யும் உல்ரிக்கா ஜெர்மன்காரி, தங்கமான மனது. அக்காவின் கதையைத் துண்டுப்பிரசுரமாகப் போட்டால் நாலு பேர் கவனிப்பார்கள் என்று படம் எடுக்க வந்தாள். அக்கா அதற்கென்றே நல்ல நீலச் சேலை உடுத்து, தலைக்குச் சாயமும் பூசிக்கொண்டு வந்திருந்தார். "என்ர பிள்ளை எங்கையாவது இருந்து பார்த்தால், அம்மா நல்லா இருக்கிறா எண்டு நினைக்கவேணும்" என்று என் காதுக்குள் சொல்லிவிட்டு, கமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தார்.

உல்ரிக்கா இருபது படம் எடுத்தாள். ஒன்றும் பிடிக்கவில்லை. கடைசியில் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்க் கேட்டாள்: "கோபிக்காதே, அவரிடம் கொஞ்சம் பாதிக்கப்பட்டவர்போல இருக்கச் சொல்ல முடியுமா?"

ஆடி மாத மழை

மனு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்த பிறகு ஊரிலிருந்து யோகன் தொலைபேசி எடுத்தான். "அக்கா, இஞ்ச நல்ல மழை. ரெண்டு பேர் குடையோட வந்து நிண்டிட்டுப் போயினம்" என்றான். "நல்லதுதானே தம்பி, தோட்டத்துக்குத் தண்ணி" என்றேன் நான். பக்கத்தில் இருந்த பாக்கியம் அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஆடி மாதத்தில் அங்கே ஏது மழை? ஒட்டுக்கேட்பார்கள் என்று மறைத்துச் சொல்லியிருக்கிறான்; ஆமிக்காரர் சிவில் உடுப்பில் வந்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மனுவில் சாட்சியாக அவன் பெயரும் முகவரியும் இருந்தன; அது யார் யார் கைக்குப் போனதோ.

உடனே பெர்லினுக்கு எடுத்து, அந்தப் பெயரை அழிக்கச் சொன்னேன். சம்பந்தப்பட்டவரே கையெழுத்திட்டு, கடவுச்சீட்டுப் பிரதியோடு தபாலில் கேட்கவேண்டும் என்றார் அங்கிருந்த பெண். அவன் ஊரில் தபாலைப் பிரித்துப் படிப்பதே ஆமிதான் என்று கத்தினேன். கடைசியில் மனு முழுவதையும் திரும்பப் பெற்று, யோகன் இல்லாமல் புதிதாக அனுப்பினேன். ஐந்து மாதம் வீண். தொலைபேசியை வைக்கும்முன் அந்தப் பெண் ஆறுதலாகச் சொன்னார்: "புரிந்துகொள்ளுங்கள், இந்த விதியே அவருடைய பாதுகாப்புக்காகத்தான்."

மூன்று நிமிடம்

ஒருநாள் டெர்மின் கிடைத்தது, சந்திக்க நாளும் நேரமும் குறித்து. பெர்லினில் சில நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் அக்கா நேரில் பேசலாம். மூன்று நிமிடம், மொழிபெயர்ப்பும் அதற்குள்ளேதான். மகனின் பெயர், பஸ்ஸின் நிறம், கடைசியாக அவன் திரும்பிப் பார்த்தது என்று அக்கா சொல்லிக்கொண்டு போகும்போதே சிவப்பு விளக்கு எரிந்து மைக் நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை. நானும் தொண்டை கிழிய மொழிபெயர்த்தேன். தலைமை தாங்கியவர் பேனாவால் மேசையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். முடிந்ததும் ஓர் உறுப்பினர் எழுந்து வந்து, பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, தூதரகத்துக்குக் கேள்வி அனுப்புவதாகச் சொன்னார். அனுப்பியும் விட்டார்; பதில் இன்னும் இல்லை.

திரும்பும்போது ரயிலில் எனக்குக் கோபம் அடங்கவில்லை. மூன்று நிமிடமாம், விளக்காம் என்று பொரிந்து தள்ளினேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என் கையைப் பிடித்து நிறுத்தினார்: "மைக்கைத்தானே தங்கச்சி நிப்பாட்டினவை. அவர் என்ர பிள்ளையின்ர பேரைப் பிழையில்லாமல் எழுதினவரோ, அதைச் சொல்லுங்கோ."

ஆமியோடு மல்லுக்கட்டவென்றுதான் இந்த வேலைக்கு வந்தேன். வழியில் நிற்கிற நல்ல மனிதர்களைத் தாண்டவே நேரம் சரியாகிவிடுவதால், ஓர் ஆமிக்காரனைக்கூட இன்னும் நேரில் காணக் கிடைக்கவில்லை.