நாற்பதைத் தாண்டாத கார்

கார் வாங்கிய முதல் வாரமே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எலக்ட்ரிக் கார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள திரையில், ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்று ஓர் எண் மாறிக்கொண்டே இருக்கும். அழுத்தி மிதித்தால் எண் எகிறும். காலை மெல்லத் தளர்த்தினால் இறங்கும். முழுக்க எடுத்துவிட்டால் வண்டி தானே வேகம் குறைந்து, அந்த வேகத்தையே கரண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். அப்போது திரையில் பச்சைப் பட்டை ஒன்று எட்டிப் பார்க்கும். அந்தப் பச்சையை முதன்முதலாகப் பார்த்த அன்று, பூஞ்சேரி சிக்னலில், காரில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். பக்கத்தில் நின்ற பஸ்ஸின் ஜன்னலோரப் பெண்மணி என்னைப் பார்த்துவிட்டுத் தன் குழந்தையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

வீடு சதுரங்கப்பட்டினத்தில், வேலை சிறுசேரியில். அதுவரை ஆபீஸ் பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டே போனவள், இப்போது கண்கொட்டாமல் சாலையைப் பார்க்க ஆரம்பித்தேன். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அங்கேயே காலை எடுத்துவிடுவேன். பிரேக்கைத் தொட்டால் தோற்றுப்போனதாகக் கணக்கு. டயரில் காற்று குறைந்தால் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று தெரிந்ததும் வாரம் தவறாமல் காற்று பிடித்தேன். டிக்கியில் கிடந்த பழைய செருப்பு, தண்ணீர் கேன், தம்பி போட்டுவைத்த தார்ப்பாய் எல்லாம் வெளியே பறந்தன.

தம்பி குட்டியானை ஓட்டுகிறவன். புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிற வண்டி. தார்ப்பாயைப் பார்த்ததும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாக்கா, இவ்ளோ கஞ்சமா கீற? இத்த எடுத்துப் போட்டா ஒரு டம்ளர் டீ போடுற கரண்டு மிச்சமாவுமா?"

"ஆவும்டா. டீசல ஊத்தி ஊத்தி ஓட்டிகினு கீறவனுக்கு இன்னா தெரியும்? போடா."

காசுக்காக இல்லை என்று சொன்னால் அவன் நம்பப் போவதில்லை. நேற்றைவிட இன்று அந்த எண் குறைந்தால் எனக்கு நாள் முழுக்கச் சிரிப்பு வரும், அவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் அவர் வந்து ஏறினார். எங்கள் ஆபீஸிலேயே மேல்மாடியில் வேலை. தேனிப் பக்கத்துக்காரர். அக்கா புருஷனுக்கு மின்நிலையத்தில் உத்தியோகம் என்பதால் புதுப்பட்டினத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தார். ஒருநாள் ஆபீஸ் பஸ்ஸைத் தவறவிட்டு ரோட்டோரம் விழித்துக்கொண்டு நின்றவரை அடையாளம் தெரிந்து ஏற்றிக்கொண்டேன். என் வண்டியில் ஏறுகிறவர்கள் போனை எடுப்பார்கள், இல்லையென்றால் கொஞ்சம் மிதிங்களேன் என்பார்கள். இவர் குனிந்து திரையைப் பார்த்தார்.

"மேடம், இந்த நம்பர் ஏன் குறையுது?"

மாமல்லபுரம் முதல் திருப்போரூர் வரை மூச்சுவிடாமல் விளக்கினேன். அவர் அத்தனையையும் கேட்டார். இறங்கும்போது, "நாளைக்கு இதவிடக் குறைக்க முடியுமா?" என்றார். அன்று ஆபீஸில் நான் என்ன வேலை பார்த்தேன் என்பது இன்றுவரை எனக்கு நினைவில்லை.

அதற்குப் பிறகு தினமும் வந்தார். பஸ்ஸைத் தவறவிட வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. பத்து நாளில் என்னைவிடப் பெரிய பைத்தியமாகிவிட்டார். "முன்னாடி லாரி திணறுது மேடம், கால எடுங்க." "அந்த ஆடு குறுக்க வரும் பாருங்க, இப்பவே எடுங்க." ஆடு வரும். நான் காலை எடுத்திருப்பேன். பச்சைப் பட்டை எட்டிப் பார்க்கும். இருவரும் ஒரே குரலில் "ஆ!" என்போம். ஒருநாள் கேளம்பாக்கத்தில் எண் இதுவரை இல்லாத அளவுக்கு இறங்கியபோது, அக்கா கட்டிக்கொடுத்த சோமாஸை டப்பாவிலிருந்து எடுத்துப் பாதி உடைத்துக் கொடுத்தார். சோமாஸ் எனக்குப் பிடிக்காது. ருசித்துச் சாப்பிட்டேன்.

அறுபதில் போய்க்கொண்டிருந்தவள் ஐம்பதுக்கு இறங்கினேன். வேகம் குறைந்தால் காற்று எதிர்த்துத் தள்ளுவது குறையும், கரண்ட் மிச்சம் என்று அவரிடம் சொன்னேன். அது நிஜம்தான். மெதுவாகப் போனால் அவர் என் பக்கத்தில் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார் என்பதும் நிஜம். அதைச் சொல்லவில்லை. அடுத்த வாரம் நாற்பத்தைந்து. அதற்கடுத்த வாரம் நாற்பது. ஈசிஆரில் நாற்பதில் போவது சாதாரணக் காரியம் இல்லை. பின்னால் வருகிறவர்கள் ஹாரனிலேயே நம் பரம்பரையை விசாரிப்பார்கள். இரண்டு பக்கமும் இளநீர்க் குலையைக் கட்டித் தொங்கவிட்ட மொபெட் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் திரும்பிப் பார்த்துக் கத்தினார்.

"இன்னாம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?"

"இல்லண்ணா, சூப்பரா கீது!" என்று நானும் கத்தினேன். நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவர் இன்னும் வேகமாகப் போய்விட்டார்.

ஆனால் பக்கத்தில் இருந்தவருக்கு மூளை இருந்தது. அதுதான் வம்பு. ஒரு காலையில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்: "மேடம், நாப்பதுல போறதுல மிச்சம் ஒண்ணும் இல்ல போலருக்கே. வண்டி இழுக்கிற கரண்டு குறையுது, சரி. ஆனா ரோட்ல அதிக நேரம் இருக்கோம்ல? ஏசி அவ்வளவு நேரமும் ஓடுது. மிச்சம் பிடிச்சத அது தின்னுருது."

எனக்கு முகம் சுட்டது. நியாயமாக ஐம்பதுக்குத் திரும்பியிருக்க வேண்டும். நான் ஏசியை அணைத்தேன். "இப்ப ஓடாது இல்ல?" என்று ஜன்னல்களை இறக்கிவிட்டேன். அது சித்திரை மாதம். திருப்போரூர் வருவதற்குள் இரண்டு பேரும் வேகவைத்த பனங்கிழங்கு மாதிரி ஆகிவிட்டோம். அவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்து, "குறைஞ்சிருக்கு மேடம்" என்றார். இந்த மனிதர் இல்லாமல் எனக்கு ஆகாது என்பது அந்த வியர்வையில்தான் எனக்கே முழுசாகத் தெரிந்தது. தெரிந்ததும் தலை கிறுகிறுத்தது. வெயிலாகவும் இருக்கலாம்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, ஏறி பெல்ட்டைப் போட்டதும் அவர் சொன்னார்: "மேடம், சிறுசேரி பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை அங்க மாறிரலாம்னு இருக்கேன். உங்களுக்கும் தினம் சிரமம். எனக்கும் ஆபீசுக்கு லேட் ஆகுது."

லேட் ஆகிறதாம். ஆகாமல் என்ன செய்யும்? கொஞ்ச நேரம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று ஊர்ந்து ஊர்ந்து ஓட்டி, இருந்த நேரத்தையும் மொத்தமாகக் கெடுத்துக்கொண்டேன். என்மேல் வந்த கோபத்தை எங்கே காட்டுவது? ஆக்சிலரேட்டரில் காட்டினேன். எண்பது. தொண்ணூறு. ஏசி முழு வேகத்தில். ஒவ்வொரு சிக்னலிலும் கடைசி நிமிடத்தில் பிரேக். எண் நான் பார்த்தே இராத உயரத்தில் நின்றது.

"மேடம், கால கொஞ்சம்..."

"லேட் ஆகுதுன்னு சொன்னீங்க இல்ல சார்?"

அவர் இருக்கையின் ஓரத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி எங்களைப் பார்த்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சாயங்காலமும் அதே கதை. கடல் காற்று எதிர்த்து அடித்தது, நானும் விடாமல் மிதித்தேன். மாமல்லபுரம் தாண்டியபோது சார்ஜ் குறைவு என்று திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அந்த விளக்கை எனக்குக் காட்டியதே இல்லை அந்த வண்டி. அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் வடிந்துபோனது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த இருக்கை காலியாக இருக்கும் என்பது மட்டும்தான் மிஞ்சியது. காலை எடுத்தேன். வண்டி தானாக நாற்பதுக்கு வந்தது.

"சார், ஒண்ணு சொல்லிடுறேன். நான் மெதுவா ஓட்டினது கரண்டுக்காக இல்ல."

உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"ஏசிய அணைச்சீங்கள்ல, அன்னைக்கு."

"தெரிஞ்சிகினே இன்னாத்துக்கு ரூம் பாத்தீங்க?" கோபத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

இப்போது திரும்பினார். வேர்த்திருந்தது, ஏசி ஓடிக்கொண்டிருந்தும். "நீங்க வாயத் திறக்கலியே. நானா எதையாச்சும் நெனச்சுக்கிட்டு அது தப்பாப் போயிருச்சுன்னா, அப்புறம் இந்த சீட்ல எப்படி உக்கார்றது? அதான் பயந்து ஓடிரலாம்னு பாத்தேன்."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் முட்டி, சாலை மங்கலாகத் தெரிந்தது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனைக் கையெடுக்காமல் அழுத்திவிட்டு, எங்களைத் தாண்டும்போது என்னவோ திட்டிக்கொண்டு போனான். மகராசனாக இருக்கட்டும்.

புதுப்பட்டினம் வந்துவிட்டது. அவருடைய அக்கா வீட்டுத் தெருவுக்குத் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டேன். அவர் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"பாலாத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்றார்.

"சார்ஜ் பாத்தீங்களா? வூடு போய்ச் சேர்றதே பெரிய பாடு."

குனிந்து திரையை நன்றாகப் பார்த்தார். "பாத்துட்டேன். நடுவுல நின்னா நான் எறங்கித் தள்ளுறேன். நீங்க போங்க."

இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராகப் போனேன்.